வெள்ளிக்கிழமைப் புற்று

புற்றுமண்ணில் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை கிளம்பும். மழை வாசனை இல்லை அது. மழை வாசனையில் யாரோ வருகிற சந்தோஷம் இருக்கும். இதில், வெகுநாள் அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல மூச்சு விடும். நேற்றுக் காலை மகளின் முழங்கையில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியிருந்தது. கோவிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த புற்றுமண்ணை மனைவி கிண்ணத்தில் போட்டுக் குழைத்தாள். சங்கரன்கோவிலில் எந்த வீட்டிலும் நடப்பதுதான். பூச்சிக்கடி, தேமல், கெட்ட கனவு எல்லாவற்றுக்கும் முதலில் அந்த மண், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. வாசனை அடுக்களையைத் தாண்டி வந்தது. நான் செருப்பைத் தேடாமல் தெருவில் இறங்கிவிட்டேன். டீ ஆறுகிறது என்று பின்னால் குரல் கேட்டது. கால்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும். பழைய நூலகத்தின் பூட்டிய கதவு முன்னால் போய் நிற்கும். நிற்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. இருந்தும் நிற்கும்.

அது கிளை நூலகம் ஆவதற்கு முன்னால் சத்திரம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருகிற ஜனங்கள் தங்குவதற்காக ஒரு பஞ்சு வியாபாரி கட்டியது. கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் எழுப்பிய சுவர். ஜன்னல் குழியில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். மேலே பனை உத்திரங்கள். கொல்லையில் மாடுகள் தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி. வண்டிகள் நின்றுபோன பிறகு அது தானியக் கிடங்கானது. பிறகு இடம் போதாத பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்புகள் அங்கே நடந்தன. அதற்குப் பிறகுதான் நூலகம். ஒவ்வொன்றும் போகும்போது எதையோ விட்டுவிட்டுப் போயிருந்தது. அறிவியல் புத்தகங்களை எடுத்தால் பின்னால் சுவரில் தாரால் எழுதிய மூட்டைக் கணக்கு தெரியும். வரலாற்று அலமாரிக்குப் பின்னால், யாரோ ஒரு வாத்தியார் எழுதி அழிக்காமல் விட்ட ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது.

வியாபாரியின் வாரிசுகள் கட்டடத்தை நூலகத்துக்குக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்களாம். தபசு நாட்களில் மட்டும் கதவை ஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டும். அதை எழுதிய காகிதத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் தெரியும். அதனால் ஒவ்வொரு ஆடியிலும் மேசைகளைக் கொல்லைக்குத் தூக்குவோம், அலமாரிகளைச் சுவரோடு ஒட்டித் தள்ளுவோம். வேலை முடிவதற்குள் மூட்டை முடிச்சுகளோடு குடும்பங்கள் வந்து இறங்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரையாக ஒரு இடம். பனவடலிசத்திரத்திலிருந்து வருகிற ஒரு அம்மாள் வரலாற்று அலமாரியின் காலடியில்தான் பாய் விரிப்பார். ஒரு வருஷம் அங்கே புதிதாக ஒரு பீரோ நின்றது. அவர் இடுப்பில் கைவைத்து நூலகரிடம், "எங்க எடத்துல பீரோவக் கொண்டு போட்டுட்டியளே, இது நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் பீரோவை நகர்த்திக் கொடுத்தோம். தபசு முடிந்து புத்தகங்களைத் திருப்பி அடுக்கும்போது அவற்றில் புளியோதரை மணக்கும். ஆவணி முடியும்வரை மணக்கும்.

நான் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீஸும் அடிக்கிற அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். அச்சகத்தில் இயந்திரச் சத்தம். வீட்டில் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் எட்டு விசைத்தறி. தடக்குத் தடக்கு என்று சத்தத்திலேயே பிறந்து, சத்தத்திலேயே தூங்கி, சத்தத்திலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டவன். என் மண்டைக்குள் ஓடுகிற வரிகளை நானே காதால் கேட்டது அந்த நூலகத்தின் மேற்கு ஜன்னல் மேசையில் மட்டும்தான். இருபத்திரண்டு வயதில் உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எழுதியது கொஞ்சம், கிழித்தது அதிகம். அந்த மேசை போனால் எனக்கு வேறு மேசை கிடையாது. இதைச் சொல்லும்போது நண்பர்கள் சிரிப்பார்கள். வீட்டில் ஒரு மேசை வாங்கிப் போடேன் என்பார்கள். மேசையை வாங்கலாம். இரண்டு முழ அகலச் சுவரை எந்தக் கடையில் வாங்குவது?

நூலகர் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நெற்றியில் எப்போதும் திருநீற்றுக்குக் கீழே ஒரு தீற்று புற்றுமண். சாப்பாட்டுத் தூக்கைக் கையெழுத்துப் போடுகிற நோட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பார். எங்கள் எல்லார் கையெழுத்திலும் கொஞ்சம் ரசம் இருக்கும். நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளி. எனக்குக் கிழமை நினைவில் நிற்காது. மூன்று நான்கு தடவை வெள்ளிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எதிர்க் கடைக்காரர் சொல்லி அவருக்குத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழன் சாயங்காலமும் பூட்டும்போது, "நாளைக்கு லீவு அண்ணாச்சி, வந்து நிக்காதிய" என்பார். வருஷக்கணக்காக.

ஒரு புரட்டாசியில் மாவட்டத்திலிருந்து பொறியாளர் ஒருவர் வந்தார். சுவரைத் தட்டினார். மேலே பார்த்தார். கட்டடம் வயதானது, இன்னும் ஒரே ஒரு குறை கண்ணில் பட்டாலும் மூடிவிட்டுப் புத்தகங்களை வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை. போகும்போது மேற்கு ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்று, நல்ல காற்று என்றார். அதற்குப் பிறகு நானும் நூலகரும் அந்தக் கட்டடத்தை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். ஓட்டின் ஒழுகலுக்கு வாளி வைத்தோம். வெடிப்புக்கு முன்னால் காலண்டர் மாட்டினோம். கட்டடத்தைப் பழுதுபார்த்துக் கொடுக்கச் சொல்லி நான் மனு மேல் மனு எழுதினேன். அச்சகத்து நல்ல காகிதத்தில், வெட்டு குத்து இல்லாமல். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், என் மேசைக்கு எதிர் மூலையில், சுவரின் அடியிலிருந்து விரல் தடிமனில் ஒரு மண்கோடு ஏறியிருப்பதைப் பார்த்தேன். கரையான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுதான் பொறியாளர் சொன்ன அந்த ஒரே ஒரு குறை. நூலகரை மட்டும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு பேருமாகப் பத்திரிகை ஸ்டாண்டை நகர்த்தி அதன் முன்னால் வைத்தோம். பாவம் தொடங்கியது அங்கேதான். நாங்கள் அதை வார்த்தையில் சொல்லிக்கொள்ளவில்லை.

மண்கோட்டைக் கலைத்து மருந்து அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மருந்துகூட வாங்கினேன். ஒரு வாரம் கழித்து ஸ்டாண்டை நகர்த்தினால், மூலையில் ஒரு சாண் உயரத்துக்குச் சின்னதாய், கோபுரம் வைத்ததுபோல், புற்று. நூலகர் இரண்டு அடி பின்னால் போனார். அவர் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒரு கடப்பாரை, ஒரு கூடை, அரை மணி நேரம். எங்கள் ஊரில் புற்று என்றால் சாமி. புற்றுமண் தின்று வளர்ந்த உடம்பு நூலகருக்கு. எனக்கு அப்படியெல்லாம் இல்லை, நான் கும்பிடாதவன், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். சரி நான் உடைக்கிறேன் என்று விளக்குமாற்றுக் கட்டையை எடுத்தேன். ஓங்கினேன். கை அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. என் நாத்திகம் எல்லாம் அந்த ஒரு முழ உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

நாளை வருவதற்குள் பெருக்க வருகிற அக்கா பார்த்துவிட்டாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்தியும் செருகியிருந்தாள். செவ்வாய்க்கிழமை தெருவிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். பாலும் முட்டையும் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை திறக்க முடியுமா என்று கேட்டார்கள். நூலகத்துக்கு அன்று விடுமுறை, சட்டப்படி திறக்கக் கூடாது என்று நூலகர் சொல்லிப் பார்த்தார். அவர்கள் சண்டை போடவில்லை. அம்மன் லீவு எடுப்பாளா என்று மட்டும் கேட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவர் கரிவலத்திலிருந்து பஸ் ஏறி வந்து கதவைத் திறந்தார்.

வந்தவர்கள் யாராக இருந்தாலும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நூலகரின் கண்டிப்பு. பால் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். மார்கழிக்குள் நோட்டு நிரம்பிவிட்டது. வாசகர் வருகை இவ்வளவு கூடியிருக்கிறதே, மற்ற நூலகங்களும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மாவட்டத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. தினமும் மரண அறிவிப்பு மட்டும் படிக்க வருகிற ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு மூலையைப் பார்த்தார்.

"ஏ வே," என்றார் என்னிடம், "உள்ள இருக்குத பாம்புக்கும் மெம்பர் கார்டு போட்டாச்சா, இல்ல அது ஓசியிலதான் படிக்குதா?"

சிரித்தோம். சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு நானும் நூலகரும் ஒரே நினைப்பில் இருந்தோம்: புற்று இருக்கிற கட்டடத்தை எவன் இடிப்பான்? எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான்? போட்டாலும் கடப்பாரையைத் தூக்க இந்த ஊரில் எந்தக் கை வரும்? என் கையே வரவில்லையே. இத்தனை மனுக்களால் முடியாததை ஒரு மண்மேடு செய்துவிட்டது. நாங்கள் அதைக் காப்பாற்றத் தொடங்கினோம். அதுதான் எங்களைக் காப்பாற்றும் என்று நம்பினோம். பாலின் ஈரம் சுவரில் ஏறுவதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தோம். பால் தரையில் ஓடாமல் இருக்கச் சாக்குப் போட்டது நான்தான்.

மாசியில் புற்று முழங்காலுக்கு வந்தது. சித்திரையில் இடுப்புக்கு.

வைகாசியில் ஒரு மத்தியானம். மின்சாரம் இல்லை. மின்விசிறிகள் நின்றிருந்தன. தறிகளும் நின்றிருந்தன. ஊரே காதைப் பொத்திக்கொண்டதுபோல் ஒரு அமைதி. அப்போதுதான் கேட்டது. காய்ந்த சருகில் சன்னமாகத் தூறல் விழுகிற சத்தம். வெளியே பார்த்தேன், வெயில் கொளுத்தியது. சத்தம் மர அலமாரிக்குள்ளிருந்து வந்தது. காதை வைத்தேன். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். முதுகுகள் எல்லாம் வரிசையாக, பத்திரமாக, எண்ணெழுதிய துண்டுச்சீட்டுகளோடு நின்றன. ஒன்றை உருவினேன். கையில் எடை இல்லை. அட்டை மட்டும் வந்தது. உள்ளே தாள் இருந்த இடத்தில் அறை அறையாக மண். இரண்டாவது. மூன்றாவது. ஒரு வரிசை முழுக்க வெறும் முதுகுகள். இருபது வருஷமாக நான் கடந்துபோன தலைப்புகள், என்றைக்காவது படிக்கலாம் என்று விட்டுவைத்தவை, முகம் மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. நான் ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டேன். போடப் போட மண் கொட்டியது. நூலகர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். அப்போதுதான் நான் ஏதோ கத்திக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. என்ன கத்தினேன் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். சுவரின் உச்சி வரை மண்கோடுகள் போயிருந்தன. மேசைமேல் மேசை போட்டு ஏறினேன். மூலைக்கு நேர் மேலே இருந்த உத்திரத்தில் சட்டைப்பையிலிருந்த பேனாவை வைத்து அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மூடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. திரும்ப இழுக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பேனா இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்த உத்திரத்துக்கு நேர் கீழே வரலாற்று அலமாரி. அதன் காலடியில்தான் பனவடலிசத்திரத்து அம்மாள் குடும்பத்தோடு பாய் விரிப்பார். தபசுக்கு இரண்டு மாதம் இருந்தது.

மூன்று நாள் நான் அச்சகத்துக்குப் போகவில்லை. தெருத்தெருவாக நடந்தேன். மாவட்டத்துக்கு எழுதினால் நூலகம் போகும். எழுதாவிட்டால், ஆடியில் ஒரு ராத்திரி, நூறு பேர் தலைக்குமேல் அது இறங்கலாம். இறங்காமலும் போகலாம். இந்த "போகலாம்" என்கிற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தெப்பக்குளத்தை எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது. நான்காம் நாள் நூலகரிடம் போனேன். எழுதப்போகிறேன் என்றேன். அவர் கையெழுத்து நோட்டை மூடினார். சாப்பாட்டுத் தூக்கை அதன்மேல் வைத்தார்.

"எழுதாதிய அண்ணாச்சி. தபசு மட்டும் முடியட்டும். பெறவு ரெண்டு பேருமாச் சேந்து எழுதுவோம்."

"தபசுலதான ஆளு படுக்கும்."

"சாவி தொலஞ்சிட்டுன்னு சொல்லுதேன். இந்த வருசம் தெறக்கல."

"பூட்ட ஒடச்சிட்டுப் படுப்பாங்க. போன தடவ நீங்க வர லேட்டானதுக்கே என்ன செஞ்சாங்க?"

அது உண்மை. பஸ் பழுதாகி அவர் தாமதமாக வந்த ஒரு தபசில், ஜனங்கள் பொறுமையாகக் கதவின் கீலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சத்திரம்தான். இடையில் நாங்கள் கொஞ்சம் புத்தகம் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

நூலகர் தூக்கின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இத மூடிட்டா நீங்க எங்கன போவிய?"

பதில் இருந்திருந்தால் நான் மூன்று நாள் சுற்றியிருக்க மாட்டேன்.

மேற்கு ஜன்னல் மேசையில் உட்கார்ந்துதான் எழுதினேன். என் பேனா உத்திரத்தில் இருந்ததால் அவருடைய பேனாவையே இரவல் கேட்டேன். கொடுத்தார். ஒரு பக்கம். வெட்டு குத்து இல்லை. ஐப்பசியிலேயே கண்டதையும் மறைத்ததையும் எழுதி, என் பெயரைப் போட்டேன். அவர் பெயரைச் சேர்க்கவில்லை. பழுது பார்க்கச் சொல்லி எழுதிய மனுக்களுக்கு ஒரு வரி பதில் வந்ததில்லை. இதற்கு நாலாம் நாள் ஜீப் வந்தது.

அதே பொறியாளர். ஏணி போட்டு ஏறினார், இறங்கினார். வெளியே போய்க் கல்தொட்டியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரத்தில் லாரி வந்தது. தப்பிய புத்தகங்களைச் சாக்கில் போட்டுத் தைத்தார்கள். தப்பாதவற்றை அள்ளிக் கொல்லையில் குவித்தார்கள். மேசைகள் போயின. என் மேசையும் போனது. நாலு பேர் தூக்கினார்கள், அவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லாம் போன பிறகு மூலையில் புற்று மட்டும் நின்றது. அதைத் தொட ஒருவரும் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த கூலியாட்கள்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டு லாரியில் ஏறிவிட்டார்கள். எங்கள் கணிப்பு சரிதான். புற்று இருக்கிற கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அந்த ஆடியில் ஜனங்கள் தெருவில் தார்ப்பாய் கட்டிப் படுத்தார்கள். பனவடலிசத்திரத்து அம்மாள் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் இப்போது வாசற்படியிலேயே பாலை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். கதவிடுக்கு வழியாக அது உள்ளே போகிறது.

அதன் பிறகு இன்னொரு ஆடியும் போய்விட்டது. ஐப்பசி மழையும் இரண்டு தடவை பெய்துவிட்டது. உத்திரம் விழவில்லை. இதை யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது? நின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் நின்றுகொண்டிருக்கிறது. விழுந்திருந்தால் நான் நூறு பேரைக் காப்பாற்றியவன். விழாததால், நான் ஒரு நூலகத்தை மூடியவன். பேனா மூடி வரைக்கும் இறங்கியதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சரிதான், இறங்கியது. விழு, விழுந்து தொலை என்று கதவுமுன் நின்று நான் முனகியதும் உண்டு. அடுத்த கணமே விழுந்துவிடாதே என்று பதறியதும் உண்டு. அதற்குள்ளே என் இருபத்தாறு வருஷம் இருக்கிறது.

நூலகரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. சாவியை அலுவலக ஆளிடம் கொடுத்துவிட்டு, கையெழுத்து நோட்டை மட்டும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். பஸ் நிலையம் வரை கூடவே நடந்தேன். லாரி வந்த நாளிலிருந்து அவர் என்னோடு பேசியிருக்கவில்லை. மூலையைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது நான்தானே, வெள்ளிக்கிழமை வந்து கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாமே என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். மண்கோட்டை முதலில் கண்டும் ஸ்டாண்டால் மறைத்ததை நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆளுக்குப் பாதி என்பதுபோல் இருந்தது அது. கரிவலம் பஸ் வந்தது. ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவருடைய பேனா என் பையிலேயே இருப்பது அப்போதுதான் நினைவு வந்து, எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பஸ் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, பூட்டும் நேரத்துக் குரலிலேயே சொன்னார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம அண்ணாச்சி. இனி எல்லா நாளும் வெள்ளிக்கெழமதான். மறந்துபோயி வந்து நிக்காதிய."